நரம்புத் துடிப்பின் சமன்பாட்டுக்கு வெப்பக் கணக்கு எழுதுவது எப்படி?

நரம்புத் துடிப்பைக் கணிதத்தில் எழுத விரும்பும் எவரும் முதலில் வந்து சேரும் இடம் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952ல் வெளியிட்ட சமன்பாடுகள்தான். இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வகத்தில் ஊசிக்கணவாயின் ராட்சத ஆக்சானில் (நரம்புச் செல்லின் நீண்ட இழையில்) அளந்த மின்னோட்டங்களை வைத்து அவற்றை உருவாக்கினார்கள். கையால் சுழற்றும் பிரன்ஸ்விகா கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி எண்களைப் போட்டுத் துடிப்பின் வடிவத்தையும் வேகத்தையும் வரவழைத்தார். 18.5 டிகிரி செல்சியசில் விநாடிக்கு 18.8 மீட்டர் வேகம் என்றது கணக்கு. ஆய்வகத்தில் அளந்தது 21.2 மீட்டர். 1963ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சமன்பாடுகளில் வெப்பம் என்ற உறுப்பே கிடையாது. மின்னழுத்தம், மின்னோட்டம், சவ்வில் அயனிகளை விடும் வாயில்கள் திறந்து மூடும் வீதம், இவ்வளவுதான். ஆனால் நரம்பு வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆற்றல் அழிவின்மை விதியை 1847ல் எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் மறு ஆண்டே தவளை நரம்பில் வெப்பத்தைத் தேடினார். அவருடைய கருவிக்கு எதுவும் எட்டவில்லை. 1926ல் டவுனிங், ஜெரார்ட், ஹில் மூவரும் அதை அளந்தார்கள். 1958ல் அபட், ஹில், ஹோவர்த் ஆகியோர் நண்டு நரம்பில் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள்: துடிப்பின்போது வெப்பம் வெளிவருகிறது, உடனே அதன் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படுகிறது. மின்தடையில் ஓடும் மின்னோட்டம் வெப்பத்தை வெளிவிடும், உறிஞ்சாது. அப்படியானால் மின்தடைகளால் வரையப்பட்ட ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி மின்சுற்று தவறா?

தவறில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதைச் சொல்லும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், அந்த மாதிரிக்கு வெப்ப இயக்கவியல் கணக்கை முழுமையாக எழுதிப் பார்க்க வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலர், துடிப்பு என்பது சவ்வில் கலையாமல் பயணிக்கும் அடர்த்தி அலை என்று சொல்லும் சாலிட்டான் விவாதத்துக்குள் நேராகக் குதித்துவிடுகிறார்கள். வழக்கமான மாதிரியின் கணக்கை முடிக்காமல் அதை நிராகரிப்பதும் ஏற்பதும் ஒன்றுபோலவே அவசரம். பிளஸ் டூ வேதியியலில் படித்த கிப்ஸ் கட்டிலா ஆற்றல், வகைக்கெழு, கொஞ்சம் பைத்தான் நிரல் தெரிந்தால் போதும். வரிசையாகப் போவோம்.

படி 1: மாதிரியை ஓய்வு நிலையில் நிறுத்திச் சரிபாருங்கள்

துடிப்பை உடனே வரையத் தோன்றும். அதற்கு முன் ஓய்வு நிலையின் எண்களைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இவற்றின்மேல்தான் நிற்கின்றன.

ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வுக்கு மின்தேக்குத்திறன் 1 மைக்ரோஃபாரட். பெரும மின்கடத்துத்திறன் சோடியத்துக்கு 120, பொட்டாசியத்துக்கு 36, கசிவுக்கு 0.3 மில்லிசீமென்ஸ். சமநிலை மின்னழுத்தங்கள் முறையே +50, −77, −54.4 மில்லிவோல்ட். ஓய்வு மின்னழுத்தம் −65. வெளிநோக்கி ஓடும் நேர்மின்னோட்டத்தை நேர்க்குறியாகக் கொள்கிறோம். பழைய கட்டுரைகளில் குறி நேரெதிராக இருக்கும், ஓய்வு நிலையே சுழியாகவும் இருக்கும். எந்த மரபைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை நிரலின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

−65 மில்லிவோல்ட்டில் வாயில்களின் மதிப்பு: சோடியத்தைத் திறக்கும் எம் 0.053, அதை அடைக்கும் எச் 0.596, பொட்டாசியத்தின் என் 0.318. சோடியம் மின்னோட்டத்துக்கு எம்மின் மும்மடியும் எச்சும், பொட்டாசியத்துக்கு என்னின் நான்மடியும் பெருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பவை: சோடியம் −1.22 மைக்ரோஆம்பியர், பொட்டாசியம் +4.40, கசிவு −3.18. கூட்டினால் சுழி. உங்கள் நிரலில் இது வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள்.

நிரலாக்கத்தில் ஒரு பொறி உண்டு. −40 மில்லிவோல்ட்டில் எம்மின் திறப்பு வீதமும், −55ல் என்னின் திறப்பு வீதமும் சுழியைச் சுழியால் வகுக்கும் வடிவத்துக்கு வந்துவிடும். அந்த இரு இடங்களிலும் எல்லை மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும்: முன்னதற்கு 1.0, பின்னதற்கு 0.1. நேர இடைவெளியை 0.01 மில்லிவிநாடியாக வைத்து நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையில் தொகையிட்டால் நம் தேவைக்குப் போதுமான துல்லியம் கிடைக்கும்.

படி 2: சமநிலை மின்னழுத்தத்தை வெப்பநிலையோடு கட்டுங்கள்

வெப்ப இயக்கவியல் இந்த மாதிரிக்குள் நுழையும் முதல் கதவு நெர்ன்ஸ்ட் சமன்பாடு.

சமநிலை மின்னழுத்தம் = (வாயு மாறிலி × தனிவெப்பநிலை) ÷ (அயனியின் மின்னூட்ட எண் × ஃபாரடே மாறிலி) × இயல்மடக்கை (வெளிச்செறிவு ÷ உட்செறிவு)

வாயு மாறிலி 8.314, ஃபாரடே மாறிலி 96,485. மின்னூட்ட எண் ஒன்று எனில், மடக்கைக்கு முன்னால் நிற்கும் பெருக்கம் 6.3 டிகிரியில் 24.1 மில்லிவோல்ட், 20 டிகிரியில் 25.3, 37 டிகிரியில் 26.7. ஊசிக்கணவாய் ஆக்சானில் பொட்டாசியம் உள்ளே ஏறக்குறைய 400, வெளியே 20 மில்லிமோல். சோடியம் உள்ளே 50, வெளியே 440. 20 டிகிரியில் பொட்டாசியத்துக்கு −76, சோடியத்துக்கு +55 மில்லிவோல்ட் வருகிறது.

இந்தச் சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. அயனி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது செறிவு வேறுபாட்டால் கிடைக்கும் கட்டிலா ஆற்றலும், மின்புலத்தை எதிர்த்துச் செலவாகும் ஆற்றலும் சமமாகும் மின்னழுத்தமே இது. மின்சுற்றுப் படத்தில் நாம் வரையும் பேட்டரிக்குள் உண்மையில் இருப்பது செறிவு வேறுபாடு மட்டும். படி 4ல் எல்லாமே இதைச் சார்ந்துதான் நிற்கும்.

நியூரான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் வெப்பநிலையை மாற்றினால் வாயில்களின் வேகம் மாறும். ஆனால் சமநிலை மின்னழுத்தங்கள் +50, −77 என்று கொடுத்தபடியே நிற்கும். செறிவிலிருந்து கணக்கிடும்படி நீங்களாகச் சொன்னால்தான் மாறும். 6.3 டிகிரியிலிருந்து 37க்குப் போனால் நெர்ன்ஸ்ட் பெருக்கம் 11 சதவீதம் கூடுகிறது. பாதி மாதிரி குளிரிலும் பாதி மாதிரி சூட்டிலும் நிற்பதை அனுமதிக்காதீர்கள்.

படி 3: இரண்டாம் விதியைக் கேளுங்கள்

இப்போது வரவு செலவுக் கணக்கைத் தொடங்குகிறோம். மின்தேக்கியில் உள்ள ஆற்றல், மின்தேக்குத்திறனில் பாதியை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கியது. ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லியின் முதல் சமன்பாட்டை இருபுறமும் மின்னழுத்தத்தால் பெருக்கினால் போதும்:

மின்தேக்கியின் ஆற்றல் மாறும் வீதம் = புறமின்னோட்டம் × மின்னழுத்தம் − அயனி மின்னோட்டங்களின் கூடுதல் × மின்னழுத்தம்

ஒவ்வோர் அயனி மின்னோட்டத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம். மின்னோட்டத்தை, மின்னழுத்தத்துக்கும் சமநிலை மின்னழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கினால் வருவது ஒன்று. மின்னோட்டத்தைச் சமநிலை மின்னழுத்தத்தால் பெருக்கினால் வருவது மற்றொன்று. இரண்டாவது பகுதி செறிவு வேறுபாட்டில் சேமித்திருந்த கட்டிலா ஆற்றலின் ஏற்ற இறக்கம். முதல் பகுதி மீளாமல் போகும் இழப்பு. அது மின்கடத்துத்திறனை வேறுபாட்டின் இருமடியால் பெருக்கியதற்குச் சமம். எனவே ஒருபோதும் குறைக்குறி ஆகாது. இரண்டாம் விதி கேட்பது இதைத்தான். நீங்கள் புதிதாக ஒரு மின்னோட்டத்தை மாதிரியில் சேர்க்கும்போது இந்த இழப்பு எங்காவது குறைக்குறி ஆனால், காகிதத்தில் நிலையியக்கப் பொறி ஒன்றைச் செய்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஓய்வு நிலைக்கு எண்களைப் போடுவோம். சோடியத்தில் 1.22 மைக்ரோஆம்பியர் × 115 மில்லிவோல்ட் = 140 நானோவாட். பொட்டாசியத்தில் 4.40 × 12 = 53. கசிவில் 3.18 × 10.6 = 34. சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் ஏறக்குறைய 227 நானோவாட். 279 கெல்வினால் வகுத்தால் என்ட்ரோபி உருவாகும் வீதம் கிடைக்கும்.

எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் நரம்பு இப்படி இடைவிடாமல் கட்டிலா ஆற்றலை இழந்துகொண்டிருக்கிறது. ஓய்வு நிலை என்பது சமநிலை இல்லை. செலவு செய்து தாங்கிக்கொண்டிருக்கும் நிலைத்த நிலை. அந்தச் செலவை ஈடுசெய்யும் பம்பு (சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் சவ்வுப் புரதம்) 1952ன் மாதிரியில் இல்லை. அதை யென்ஸ் ஸ்கூ 1957ல்தான் கண்டறிந்தார். ஆகவே அந்த மாதிரியின் செறிவுகள் மாறிலிகளாக எழுதப்பட்டிருக்கின்றன; கேட்காமலே ஆற்றல் தரும் வற்றாத கிணறு அதற்குள் ஒளிந்திருக்கிறது. சில மில்லிவிநாடி நீளமுள்ள துடிப்புக்கு இது பொருட்டில்லை. மணிக்கணக்கில் நரம்பைத் துடிக்கவிட்டால் பொருட்டாகிவிடும்.

படி 4: இழப்பையும் வெப்பத்தையும் பிரித்தறியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் மெதுவாகப் படிக்க நேரம் இருக்கிறதென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

படி 3ல் கிடைத்த இழப்பை அப்படியே வெப்பம் என்று எழுதிவிடத் தோன்றும். மின்தடையில் ஜூல் வெப்பம் என்று பள்ளியிலேயே மனத்தில் பதிந்திருக்கிறதே! இங்கே அது பொருந்தாது. காரணம் அந்தப் பேட்டரிதான். நீர்த்த, நல்லியல்புக் கரைசல் என்று கொண்டால், செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனி போகும்போது என்தால்பி மாறுவதில்லை. என்ட்ரோபி மட்டும் கூடுகிறது. செறிவு வேறுபாட்டில் சேமித்திருக்கும் கட்டிலா ஆற்றல் முழுக்க முழுக்க என்ட்ரோபி வகை. அது தீரும்போது வெளியே கொடுப்பதற்கு வெப்பம் என்று தனியாக எதுவும் இல்லை.

அப்படியானால் உள்ளாற்றல் எங்கே இருக்கிறது? மின்தேக்கியில் மட்டும். எனவே வெளிவரும் வெப்பத்தின் வீதம், அயனி மின்னோட்டங்களின் கூடுதலை மின்னழுத்தத்தால் பெருக்கினால் வருவது. சமநிலை மின்னழுத்தம் இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

இதன் விளைவைத் துடிப்பின் போக்கில் பின்தொடருங்கள். ஓய்வில் மூன்று மின்னோட்டங்களின் கூடுதல் சுழி. எனவே 227 நானோவாட் இழப்பு இருந்தும், அயனிகள் ஓடும் கால்வாய்களில் நிகர வெப்பம் சுழி. துடிப்பு தொடங்கிச் சோடியம் உள்ளே பாய்கிறது: மின்னோட்டம் குறைக்குறி, மின்னழுத்தமும் குறைக்குறி, பெருக்கினால் நேர்க்குறி. வெப்பம் வெளிவருகிறது. −65லிருந்து சுழிக்கு வரும்போது மின்தேக்கி முழுவதும் காலியாகிறது. வெளிவந்த வெப்பம் சதுர சென்டிமீட்டருக்கு 2.1 நானோஜூல். மின்னழுத்தம் சுழியைத் தாண்டி +40க்கு ஏறும்போது எதிர்ப்பக்கமாக மின்தேக்கி நிரம்புகிறது, 0.8 நானோஜூல் உறிஞ்சப்படுகிறது. பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தம் சுழிக்கு இறங்கும்போது அந்த 0.8 திரும்ப வெளிவருகிறது. சுழியிலிருந்து −65க்கு இறங்கும்போது 2.1 நானோஜூல் முழுவதும் உறிஞ்சப்படுகிறது. ஓய்விலிருந்து ஓய்வு வரை நிகர வெப்பம் சுழி.

1958ன் அளவீட்டில் கண்ட ‘வெளிவிட்டு உறிஞ்சும்’ தன்மை இந்தக் கணக்கில் தானாகவே வந்துவிடுகிறது. மின்தடைகள் மட்டுமே உள்ள மின்சுற்று எப்படிக் குளிரும் என்ற கேள்வி, பேட்டரிகள் என்ட்ரோபியால் ஆனவை என்பதை மறந்தவர்களுக்கு மட்டுமே புதிராக இருக்கும்.

நிரலில் இதைச் சோதிப்பது எளிது. ஒவ்வொரு கணத்திலும் அதுவரை சேர்ந்த வெப்பத்தைத் தொகையிடுங்கள். அது மின்தேக்கியின் தொடக்க ஆற்றலிலிருந்து அந்தக் கணத்தின் ஆற்றலைக் கழித்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். தூண்டும் மின்னோட்டம் ஓடும் நேரத்தில் அது செய்யும் வேலையையும் சேர்க்க மறக்காதீர்கள். ஆக்சான் நெடுகப் பயணிக்கும் துடிப்புக்கு இதைச் செய்தால், ஆக்சானின் உட்சாற்றில் நீளவாக்கில் ஓடும் மின்னோட்டம் உண்மையான ஜூல் வெப்பத்தைத் தரும். சவ்வின் வழியே ஓடும் மின்னோட்டங்களின் கணக்கு அதே அளவுக்குக் குறைக்குறி ஆகும். இரண்டும் சேர்ந்து மறுபடி சுழி. முதல் முறை இந்தச் சுழி திரையில் வந்து நிற்பதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி.

படி 5: ஒரு துடிப்பின் விலை

வெப்பம் சுழி என்றால் துடிப்பு இலவசமா? இல்லவே இல்லை.

மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் உயர்த்த, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 0.1 மைக்ரோகூலும் தேவை. ஃபாரடே மாறிலியால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 பிக்கோமோல் சோடியம். சதுர மைக்ரோமீட்டருக்கு 6,000 அயனிகள்தான். ஆனால் ஊசிக்கணவாயில் உண்மையில் நுழைவது இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. சோடியம் நுழைந்துகொண்டிருக்கும்போதே பொட்டாசியம் வெளியேறத் தொடங்கிவிடுவதால், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் மின்னோட்டம் வீணாகிறது.

4 பிக்கோமோல் சோடியம் உள்ளே வந்து, அதே அளவு பொட்டாசியம் வெளியே போனால் இழக்கும் கட்டிலா ஆற்றல் எவ்வளவு? 4 பிக்கோமோல் × ஃபாரடே மாறிலி × 127 மில்லிவோல்ட் = 49 நானோஜூல். மின்தேக்கி வெளிவிட்டு உறிஞ்சிய 2.1 நானோஜூலைப்போல் இருபது மடங்குக்கும் மேல். இழப்பையே வெப்பம் என்று எழுதினால் எவ்வளவு தொலைவுக்கு வழி தவறும் என்பது இப்போது தெரியும்.

இந்தக் கடனைப் பம்பு பின்னால் அடைக்கிறது. ஒரு ஏடிபி மூலக்கூறுக்கு மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது. இது முடியுமா என்பதை 20 டிகிரியில் பார்ப்போம். சோடியத்தை −65 மில்லிவோல்ட்டில் வெளியேற்ற 120 மில்லிவோல்ட்டை எதிர்க்க வேண்டும், மோலுக்கு 11.6 கிலோஜூல், மூன்றுக்கு 35. பொட்டாசியத்துக்கு 11 மில்லிவோல்ட். இரண்டுக்கு 2 கிலோஜூல். மொத்தம் 37. செல்லுக்குள் ஏடிபி உடையும்போது கிடைக்கும் கட்டிலா ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் இருக்கிறது. பம்பு ஓடும், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். செறிவுகளை மாற்றிப் பார்க்கும் மாதிரிகளில் இந்தச் சோதனையைக் கட்டாயம் வையுங்கள். தேவை 50ஐத் தாண்டியும் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் மாதிரி பொய் சொல்கிறது.

துடிப்புகள் முடிந்த பிறகு நீண்ட நேரம் வெளிவரும் மீட்பு வெப்பத்தை ஹில் குழுவினர் தவளை நரம்பில் அளந்தார்கள். அது தொடக்க வெப்பத்தைவிட மிகப் பெரியது. பம்பும், அதற்கு ஏடிபி தயாரித்துக் கொடுக்கும் வளர்சிதை மாற்றமும் அந்த வெப்பத்தின் மூலம்.

பாலூட்டிகளின் நரம்புகள் ஊசிக்கணவாயைவிடச் சிக்கனமானவை. எலியின் ஹிப்போகேம்பஸில் உள்ள பாசியிழை ஆக்சான்களில் 2009ல் அளந்தபோது, குறைந்தபட்சத் தேவையைப்போல் 1.3 மடங்கு சோடியம் மட்டுமே நுழைந்தது. மூளையின் ஆற்றல் செலவைக் கணக்கிட ஊசிக்கணவாயின் எண்ணை எடுத்துப் பயன்படுத்துவது பெரிய பிழையைத் தரும்.

படி 6: வேகத்துக்கும் வெப்பநிலை

வாயில்களின் வேகம் பத்து டிகிரிக்கு மூன்று மடங்கு ஏறும் என்று ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி வைத்தார்கள். 6.3 டிகிரியில் ஒன்று என்றால் 20 டிகிரியில் 4.5. இதை அர்ரீனியஸ் வடிவில் எழுதினால் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறக்குறைய 74 கிலோஜூல்.

இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம். அதே 74 கிலோஜூல் 37 டிகிரியில் பத்து டிகிரிக்கு 2.45 மடங்கையே தரும். குளிர்ந்த கடல்நீரில் அளந்த மூன்றை உடல் சூட்டில் இருக்கும் நியூரானுக்குப் பொருத்துவது பரவலான பழக்கம். கிளர்வு ஆற்றலை மாறிலியாக வைப்பது அதைவிட நேர்மையான வழி. அயனிகள் திறந்த கால்வாயில் ஓடும் வேகம் வெப்பநிலைக்கு இவ்வளவு வளைந்துகொடுக்காது. அதற்குத் தனிக் காரணி வையுங்கள். வாயில்களை மட்டும் வேகப்படுத்திப் பார்த்தால் துடிப்பு குறுகிக் குள்ளமாவதைக் காண்பீர்கள்.

படி 7: பல நிலைகள் உள்ள கால்வாய்களில் சுற்றைச் சரிபாருங்கள்

ஒரு வாயில் திறந்த நிலை, மூடிய நிலை என்ற இரண்டோடு நின்றால் வெப்ப இயக்கவியலை மீறவே முடியாது. திறக்கும் வீதத்துக்கும் மூடும் வீதத்துக்கும் உள்ள விகிதம் இரு நிலைகளின் கட்டிலா ஆற்றல் வேறுபாட்டைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த வேறுபாடு மின்னழுத்தத்தோடு நேர்கோட்டில் மாறினால் போல்ட்ஸ்மன் வளைவு கிடைக்கும். அந்த வளைவு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது, வாயில் திறக்கும்போது நகரும் மின்னூட்டத்தின் அளவைச் சொல்லும். சோடியம் மின்கடத்துத்திறன் தொடக்கத்தில் 4 மில்லிவோல்ட்டுக்கு ஓர் இயல்மடக்கை அலகு ஏறுவதைக் கண்டு, 24ஐ 4ஆல் வகுத்து, ஆறு மின்னூட்டங்கள் நகர வேண்டும் என்று 1952லேயே எழுதிவைத்தார்கள். கால்வாய் என்ற புரதத்தை யாரும் பார்த்திராத காலத்தில் வெப்ப இயக்கவியல் அவ்வளவு தூரம் எட்டிப் பார்த்தது. நேர்கோட்டில் மாறாத கட்டிலா ஆற்றலுக்கு டெஸ்டெக்ஸ், ஹூகெனார்ட் இருவரும் 2000ல் ஒரு வடிவம் கொடுத்தார்கள். அளவீட்டோடு பொருத்தும் வேலைக்கு அது கைகொடுக்கும்.

சிக்கல் சுற்றுகளில் வருகிறது. மூடியது, திறந்தது, திறந்து அடைபட்டது, மூடி அடைபட்டது என்று நான்கு நிலைகள் ஒரு வட்டமாக இருந்தால் எட்டு வீதங்கள் இருக்கும். வலஞ்சுழியாக நான்கு வீதங்களைப் பெருக்கினால் வருவதும் இடஞ்சுழியாகப் பெருக்கினால் வருவதும் எல்லா மின்னழுத்தத்திலும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த ஆற்றலும் தராமலே கால்வாய் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். கணினியிடம் எட்டு வீதங்களையும் தனித்தனியாகப் பொருத்தச் சொன்னால் இந்த நிபந்தனையை அது சட்டை செய்யாது. எனவே வீதங்களைத் தேடாதீர்கள். நான்கு நிலைகளுக்கு ஆற்றல் கொடுங்கள், நான்கு மாற்றங்களுக்குத் தடுப்பு கொடுங்கள். நிலை ஆற்றல்களில் வேறுபாடுகள் மூன்று மட்டுமே பொருளுள்ளவை. ஆக ஏழு எண்கள். நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும்.

படி 8: சவ்வையும் ஒரு பொருளாகப் பாருங்கள்

இதுவரை மின்தேக்குத்திறனை மாறிலியாக வைத்தோம். உண்மையில் சவ்வு சூடானால் அது கூடும். ஷாப்பிரோவும் அவருடைய குழுவினரும் 2012ல் அகச்சிவப்பு ஒளியால் செல்களைத் தூண்ட முடிவது இதனால்தான் என்று காட்டினார்கள்.

வெப்பக் கணக்கில் இதன் விளைவு பெரிது. மின்தேக்கியின் கட்டிலா ஆற்றல் பழையதேதான். ஆனால் உள்ளாற்றலில் மின்தேக்குத்திறனோடு, தனிவெப்பநிலையை அது மாறும் வீதத்தால் பெருக்கியதையும் சேர்க்க வேண்டும். டிகிரிக்கு 0.3 சதவீதம் கூடுகிறதென்று வைத்தால் 293 கெல்வினில் வெப்பம் 1.9 மடங்காகும், 1 சதவீதம் என்றால் 3.9 மடங்கு. நரம்பில் அளந்த வெப்பம் வெறும் மின்தேக்கி ஆற்றலைவிடக் கூடுதலாக இருந்ததற்குச் சவ்வின் என்ட்ரோபி மாற்றத்தை ஹோவர்த், கீன்ஸ், ரிச்சி மூவரும் 1968லேயே சுட்டியிருந்தார்கள். இன்னொன்று: சவ்வின் இரு முகங்களிலும் நிலையாக உள்ள மின்னூட்டம் சமமில்லாததால், சவ்வுக்குள் மின்புலம் சுழியாகும் இடம் நாம் அளக்கும் மின்னழுத்தம் சுழியாகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. படி 4ல் +40க்கு ஏறும்போது வந்த சிறு உறிஞ்சல் இதைப் பொறுத்துத் தோன்றலாம், மறையலாம்.

சாலிட்டான் மாதிரியை இந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைம்பர்க், ஜாக்சனோடு சேர்ந்து 2005ல் அதை முன்வைத்தார். சவ்வின் கொழுப்பு உருகுநிலைக்குச் சற்றுமேலே இருக்கிறது; அழுத்தினால் அது உறையும் திசையில் நகர்கிறது; அந்த அடர்த்தி மாற்றம் கலையாமல் ஒலிபோலப் பயணிக்கிறது. வெப்பம் வெளிவந்து திரும்பப் போவதும், துடிப்பின்போது நரம்பு நானோமீட்டர் அளவில் தடிப்பதும், மயக்க மருந்துகள் கொழுப்பின் உருகுநிலையைக் குறைப்பதும் இதற்குப் பொருந்துகின்றன. அழகான கோட்பாடு. ஆனால் அதன் எண்களில் துடிப்பின் குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 115 மீட்டர் அளவில் வருகிறது. ஊசிக்கணவாய் 21ல் நிற்கிறது, மெல்லிய உறையில்லா நரம்புகள் 1 மீட்டர் அளவில் நகர்கின்றன. சோடியம் கால்வாயை மட்டும் அடைக்கும் டெட்ரோடோடாக்சின் துடிப்பை நிறுத்திவிடுகிறது. எதிரெதிராக வரும் துடிப்புகள் மோதினால் ஒன்றையொன்று கடந்துபோகும் என்பது சாலிட்டானின் கணிப்பு; மண்புழுவிலும் சிங்கி இறாலிலும் அப்படிக் கண்டதாக 2014ல் வந்த ஆய்வை 2017ல் வேறொரு குழு மறுத்தது.

என் பரிந்துரை, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்காமல் இரண்டையும் இணைக்கும் மாதிரிகளில் வேலை தொடங்குவது. மின்துடிப்பு சவ்வை அழுத்தி, அதன் பின்னால் இயந்திர அலை வருவதாக எல் ஹாடி, மக்டா இருவரும் 2015ல் எழுதினார்கள். எஸ்தோனியாவில் எங்கெல்பிரெக்ட்டும் அவருடைய சகாக்களும் மின்னழுத்தம், அழுத்த அலை, சவ்வின் அலை, வெப்பநிலை நான்குக்கும் தனித்தனிச் சமன்பாடு வைத்து ஒன்றோடொன்று கோக்கிறார்கள். இப்படிக் கோக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: மின்னழுத்தம் தடிமனை மாற்றுகிறது என்று ஓர் உறுப்பு எழுதினால், தடிமன் மின்னூட்டத்தை மாற்றும் உறுப்பையும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே கட்டிலா ஆற்றலின் பகுதி வகைக்கெழுக்கள். மேக்ஸ்வெல் தொடர்புகள் அவற்றின் கெழுக்களைச் சமமாக்கும். ஒருபக்க இணைப்பு மட்டும் உள்ள மாதிரியில் ஆற்றல் காற்றிலிருந்து வரும்.

முதல் வேலையாக, படி 1ன் நிரலை எடுத்து மின்தேக்குத்திறனுக்கு டிகிரிக்கு 0.3, 0.6, 1 சதவீதம் என்று மூன்று சரிவுகள் கொடுங்கள். மின்புலம் சுழியாகும் இடத்தை 0லிருந்து +60 மில்லிவோல்ட் வரை நகர்த்துங்கள். ஒவ்வொன்றுக்கும் வெப்ப வளைவை வரைந்து, உச்சம் ஒன்றா இரண்டா, மின்னழுத்த உச்சத்தோடு சேர்ந்து வருகிறதா, முன்பின்னாக வருகிறதா என்று குறித்துவையுங்கள். நண்டு நரம்பிலும் முயலின் வேகஸ் நரம்பிலும் எடுத்த வெப்பப் பதிவுகளைப் படிக்க உட்காரும்போது அந்த வரைபடங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.